ஆட்டத்தில் நமது மலை எங்கே?

மோட்டார்ப் பந்தய ஆட்டம் ஒன்று புதிதாக வரப்போகிறது என்றால் நமது வாலிபர்கள் படும் பரபரப்பு கொஞ்சநஞ்சமன்று. 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் டோக்கியோ நகரக் கண்காட்சியில், மைக்ரோஸாப்ட் கம்பெனியார் தங்களுடைய ‘போர்ஸா ஹொரைஸன்’ என்ற வீடியோ கேம் வரிசையின் ஆறாவது ஆட்டம் ஜப்பான் தேசத்தைக் களமாகக் கொண்டு 2026-ல் வெளிவரும் என்று அறிவித்தார்கள். அன்று முதல் எந்தப் பழைய வண்டி அதில் வரும், எந்த மலைப்பாதை வரும் என்ற ஆராய்ச்சிதான் நாம் பார்த்த பல கல்லூரி விடுதிகளில் நடந்தது. இதற்கும் தேசீயப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பணம் வைத்து ஆடிக் குடும்பங்களைக் கெடுத்த ஆன்லைன் சூதாட்டங்களுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அவற்றை மத்திய சர்க்கார் 2025-ம் வருஷச் சட்டத்தினால் தடுத்தபோது நாம் மகிழ்ந்தோம். அதே சட்டம் பந்தயப் பணமில்லாத திறமைப் போட்டிகளைத் தனியே பிரித்து அங்கீகரித்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாம் இங்கே பேசுவது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பாதையும் பற்றிய ஆட்டம். அதில் தோற்றவனுக்கு இரவுத் தூக்கம் போகுமேயன்றி வீடு போகாது.

இந்த வரிசையின் சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். 2012-ல் அமெரிக்காவின் கொலராடோ, 2014-ல் தெற்கு பிரான்ஸும் இத்தாலியும், 2016-ல் ஆஸ்திரேலியா, 2018-ல் பிரிட்டன், 2021-ல் மெக்ஸிகோ, அதற்குப் பின் ஜப்பான். உலகத்தைச் சுற்றி வருகிறார்கள். ஒவ்வொரு களத்திலும் அந்தத் தேசத்து மலையும் கடற்கரையும் ஊர்த் தெருவும், பார்த்தவர் அடையாளம் சொல்லும்படி அமைந்திருக்கின்றன. இவற்றில் ஓர் அழகான ஏற்பாடும் உண்டு. நாட்டுப்புறத்தில் பாழடைந்த கொட்டகை ஒன்று இருப்பதாகத் துப்புக் கிடைக்கும்; ஆடுபவன் தேடிப் போய்க் கதவைத் திறந்தால், துருவேறிய சரித்திரப் புகழ் பெற்ற வண்டி ஒன்று உள்ளே நிற்கும். அதைச் சீர்திருத்தி ஓட்டலாம். இதைப் பார்த்த மாத்திரத்தில் நமக்குக் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் ஞாபகம் வந்தது. தகரக் கூரையும், தார்ப்பாய்க்குக் கீழே வருஷக்கணக்காக நிற்கும் வண்டியும், அதன்மேல் கூடு கட்டிய குருவியும் நீலகிரியில் கற்பனை செய்து காண வேண்டியவை அல்ல.

ஜப்பானியர் இந்த விஷயத்தில் நமக்குக் கற்பிக்கக்கூடிய பாடம் பெரிது. 1995-ல் ஷுய்ச்சி ஷிகெனோ என்ற சித்திரக் கதாசிரியர் ‘இனிஷியல் டி’ என்ற தொடர்கதையைத் தொடங்கினார். கதாநாயகன் ஒரு ஸோயாத் தயிர்க்கட்டிக் கடைக்காரரின் பிள்ளை. விடியுமுன் மலைமேலுள்ள விடுதிகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. சரக்குக் குலையக் கூடாது; கோப்பையில் வைத்த தண்ணீர் சிந்தக் கூடாது; அப்படியே வளைவுகளில் வண்டியை விட வேண்டும். அவன் ஓட்டுவதோ, டொயோட்டா கம்பெனியார் 1980-களில் சாதாரண ஜனங்களுக்காகச் செய்து விற்ற சிறிய கார். கதையில் அகினா என்று பேர் மாற்றிச் சொல்லப்படும் மலை, குன்மா மாகாணத்து ஹருனா மலைதான். கதை படமாயிற்று, படம் ஆட்டமாயிற்று, மூலையில் கிடந்த மலைப்பாதைக்கு உலகமெங்கும் யாத்திரிகர் உண்டாயினர். 2021-ல் டொயோட்டா கம்பெனியார் அந்தப் பழைய மாடலுக்கு உதிரி பாகங்களை மறுபடியும் செய்து தருவதாக அறிவிக்கும்படி ஆயிற்று. அதற்கு முன்னமே, 1997-ல், கஸுனோரி யமவுச்சி என்பவர் ‘கிரான் டூரிஸ்மோ’ ஆட்டத்தைச் செய்தபோது, ஜப்பானியக் குடும்பத்தார் கடைக்குப் போகும் சிறு கார்களையும் மேனாட்டுப் பந்தய வண்டிகளோடு ஒரே கொட்டகையில் நிறுத்தி வைத்தார். தம் வீட்டுப் பொருளைத் தாமே மதித்த பிறகுதான் பிறர் மதித்தார்கள்.

இனி நமது மலைக்கு வருவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் பாதை 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. அதற்குள் சுமார் 1,000 அடி உயரத்திலிருந்து 6,000 அடிக்கு ஏறிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 14. கல்லாற்றில் பாக்குத் தோப்பின் புழுக்கத்தில் கிளம்பும் வண்டி, பர்லியாறு தாண்டும்போது பலா, மங்குஸ்தான் மணத்தைக் கடந்து, காட்டேரி அருகே தேயிலைப் பச்சைக்குள் புகுந்து, குன்னூரில் குளிருக்குள் நுழைகிறது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு சீதோஷ்ண நிலைகளை மாற்றிக் காட்டும் பாதை உலகத்தில் எத்தனை இருக்கும்? ஆட்டக்காரர் கோடி கோடியாகச் செலவிட்டுக் கற்பனையில் தேடுகிற வேற்றுமை இங்கே நெடுஞ்சாலைத் துறையின் மைல்கற்களுக்கு நடுவில் கிடக்கிறது. பாதையோடு பாதையாக, பல்சக்கரத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் மலை ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் அடைந்தது; 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மரியாதையும் அதற்குக் கிடைத்தது. பக்கத்தில் ஓடும் பாதைக்கு அப்படி ஒரு மரியாதையும் இல்லை. வழியிலுள்ள அருவிக்குப் பாதையமைப்பில் ஈடுபட்ட கர்னல் லா என்ற துரையின் பெயர் நிலைத்துவிட்டது. பாறையை உடைத்தவர்களின் பெயரை எந்த அருவியும் சொல்லவில்லை.

பழைய வண்டியில் இந்தப் பாதையில் ஏறுவது தனி வித்தை. கார்ப்பரேட்டர் வைத்த எஞ்சின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். காற்று மெலிவதால், குன்னூரை எட்டும்போது அதன் சக்தியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். பர்லியாற்றில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறந்து, ஆவி அடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றிய காலம் நமது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். இறங்குவது அதைவிடக் கஷ்டம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவரின் முதல் வேதம். அதை மறந்து பிரேக்கையே நம்பியவனுக்கு மூன்றாவது வளைவிலேயே கருகல் நாற்றம் வரும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு விட்டுப்போகும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைச் சட்டப் புஸ்தகத்தில் படிக்குமுன்னே நாம் கற்றது இந்தப் பாதையில்தான். ஆடுபவனுக்குத் தண்ணீர் ஊற்றவும், கியர் இறக்கவும், எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கவும் சொல்லித் தருகிற ஆட்டம் ஒன்று வந்தால், அதை வேகத்தின் ஆட்டம் என்பதைவிடப் பொறுமையின் ஆட்டம் என்றே சொல்ல வேண்டியிருக்கும். அப்படியொன்று வருமானால் நாமே ஒரு சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எந்த வண்டியில் ஏறுவது? சரித்திர வண்டி என்றதும் ரோல்ஸ் ராய்ஸும் பென்ட்லியும் என்றே மேனாட்டார் நினைக்கிறார்கள். நம்மவரும் அப்படியே நினைக்கப் பழகியிருக்கிறார்கள். கோடைக்கு உதகைக்கு வந்த கவர்னரும் மகாராஜாக்களும் அவற்றில் ஏறினார்கள், உண்மை. ஆனால் இந்த மலையின் சரித்திரம் அவற்றின் பின்ஸீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 1972-ல் உண்டான சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ், தேயிலைக் கொழுந்து ஏற்றிப் பாக்டரிக்குப் போகும் லாரி, கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் சரக்கு வண்டி, இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு வேலை தர 1968-ல் சர்க்கார் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களின் டிராக்டர்: இவை எல்லாம் சரித்திர வண்டிகள் அல்லவா? ஜப்பானியருக்குத் தயிர்க்கட்டிக் கடைப் பிள்ளை கதாநாயகனானால், நமக்குக் காரட் லாரிக் கிளீனர் ஏன் கதாநாயகனாகக் கூடாது?

கார்தான் வேண்டுமென்பவர்க்கும் நம்மிடம் சரக்கு உண்டு. 1903-ல் சென்னை ஸிம்ப்ஸன் கம்பெனியிலே நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி கட்டப்பட்டது. 1961-ல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெளிவந்தது. இங்கிலாந்து ட்ரையம்ப் ஹெரால்டின் அச்சு என்றாலும், அதற்கு நாலு கதவு வைத்துச் செய்தது நம்மவரே. ஆங்கிலேயர் தம் தேசத்தில் அப்படிச் செய்து விற்கவில்லை. இந்தச் சிறு கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். ஆனால் வேகமாக வளைத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கிப் பயமுறுத்தும் குணமும் அதற்கு உண்டு. ஆட்டம் செய்பவருக்கு இதைவிட நல்ல பாத்திரம் எங்கே கிடைக்கும்? கோயமுத்தூரில் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பின்னர் யந்திர மேதையாக விளங்கிய ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரால் அமைந்த கார்க் காட்சிசாலை 2015 முதல் அவிநாசி ரஸ்தாவில் இருக்கிறது. போய்ப் பார்த்த வாலிபனுக்கு நாம் சொல்வது புரியும்.

அம்பாஸிடரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை செய்யப்பட்ட இந்த வண்டிதான் உதகைக்கும் குன்னூருக்கும் டாக்ஸியாயிற்று. கலெக்டரையும் மந்திரியையும் ஏற்றிற்று. கல்யாணப் பெண்ணைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்தது. பிரசவ வேதனைப்பட்டவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் சந்ததி என்று மேனாட்டார் சொல்லட்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் பிள்ளைகளைச் சுமந்ததால் அது நம்முடையதாயிற்று என்று எண்ணியிருந்தோம். ஆனால் 2017-ல் அந்தப் பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கம்பெனிக் கூட்டத்தாருக்கு விற்றுவிட்டார்கள். 2021-ல் அந்தக் கூட்டம் ஸ்டெல்லாண்டிஸ் என்ற மகா சமுத்திரத்தில் கலந்துவிட்டது.

வக்கீல் தொழிலில் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. பதிவு செய்த உருவ அமைப்புக்கு நமது சட்டம் தரும் பாதுகாப்பு அதிகபட்சம் 15 வருஷம். அது என்றோ கழிந்த கதை. ஆனால் வியாபாரப் பெயரைப் பத்து வருஷத்துக்கொரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதற்கு அந்தமில்லை. ஆகவே நாளைக்குக் குன்னூர்ப் பையன் ஒருவன் தன் தகப்பனார் ஓட்டிய டாக்ஸியை ஆட்டத்தில் வைத்து விற்க விரும்பினால், அந்த உருண்டைக் கூரையை வரைவதைவிட, அதன் பெயரை மேலே எழுதுவதே அவனுக்குச் சட்டச் சங்கடமாகும். சீமையிலே அனுமதி கேட்க வேண்டும். உப்புக்கு அனுமதி கேட்கமாட்டோம் என்று வேதாரண்யத்துக்கு நடந்த தேசத்தில், அம்பாஸிடருக்கு அனுமதி கேட்கும் காலம் வந்ததை வாசகர்கள் சிரித்துக்கொண்டு படித்தாலும் சரி, சிரிக்காமல் படித்தாலும் சரி.

வண்டிகளாவது மிஞ்சியிருக்குமா என்றால் அதுவும் சந்தேகம். சர்க்கார் வண்டிகளில் 15 வயது கடந்தவற்றின் பதிவை 2023 ஏப்ரல் முதல் ரத்து செய்து உடைப்புக்கு அனுப்ப விதி வந்தது. 2021-ல் வந்த மற்றொரு விதி, 50 வயது கடந்த வண்டிக்கு மட்டுமே பழம்பெரும் வண்டி என்ற அந்தஸ்தைத் தருகிறது. அதற்குப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். காட்சிக்கும் ஊர்வலத்துக்குமே அதை ஓட்டலாம். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வண்டியின் கதி என்ன? 1985-ல் செய்த அம்பாஸிடர் கிழமுமல்ல, பழம்பெரும் வண்டியுமல்ல. தனிப்பட்டவர் கையிலிருப்பது தகுதிச் சீட்டுப் பெற்று ஓடலாம். பழுது பார்க்கும் செலவு தாளாதபோது இரும்புக் கடைதான் அதற்கு மோட்சம்.

இனி நமது வாலிபர்களின் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய த்ருவா இன்டராக்டிவ் என்ற ஸ்தாபனத்தார் போர்ஸா ஆட்டங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர்கள். 2019-ல் அந்த ஸ்தாபனத்தையும் ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கிவிட்டது. கைவேலை நம்முடையது, களமும் கதையும் அவர்களுடையவை. பருத்தி இங்கே, ஆலை மான்செஸ்டரில் என்ற பழைய கதையை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்கு மாறாக நமக்கு நம்பிக்கை ஊட்டுகிற காட்சி வேறோரிடத்தில் தெரிகிறது. 2017-ல் வெளிவந்த இந்தோனேஷிய பஸ் ஆட்டம் ஒன்றில், ஆடுபவரே புதிய வண்டிகளைச் செய்து சேர்க்கலாம். நமது சிற்றூர்ப் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு அதற்குள் தமிழ்நாட்டு அரசுப் பஸ்ஸைக் கொண்டுவந்து ஓட விட்டார்கள். நிறம், பெயர்ப் பலகை, ஹாரன் சத்தம் உள்பட எல்லாம் அசல். யாரும் மானியம் தரவில்லை, யாரும் பாராட்டவுமில்லை. ஊர் பஸ்ஸின்மேல் உள்ள பிரியம் ஒன்றே அவர்களுக்கு மூலதனம்.

மலையின் நன்மையையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நீலகிரிக்கு வண்டியில் வருபவர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை ஹைகோர்ட் இட்ட உத்தரவு 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது. 2025 கோடைக்கு, வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. மலை நிரம்பி வழிகிறது என்பதே இதற்கு அர்த்தம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2018-ல் ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, உள்ளிருந்தோர் மாண்டதுகூட இரண்டு நாள் வெளியே தெரியாமலிருந்தது. பிறகு வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதை அதிகாரிகள் தடுத்தார்கள். சமவெளி வாலிபனுக்கு அந்த வளைவுகளில் விட வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். அவன் திரையிலே விழுந்து எழுந்து பழகட்டும். யானை குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி விளக்கை அணைக்கவும் அங்கேயே கற்கட்டும். அதற்கு இ-பாஸும் வேண்டாம், ஆம்புலன்ஸும் வேண்டாம்.

ஆகவே மேனாட்டுக் கம்பெனி என்றைக்கு நீலகிரிக்கு வரும் என்று காத்திருப்பது நமக்கு உசிதமாகப் படவில்லை. அவர்கள் வந்தாலும் வெள்ளைக்காரர் பங்களாவும் தேநீர்க் கோப்பையும்தான் அவர்கள் கண்ணில் படும். இத்தாலியர் செய்த ‘அஸெட்டோ கோர்ஸா’ போன்ற ஆட்டங்கள், யார் வேண்டுமானாலும் தம் ஊர்ப் பாதையைச் செய்து சேர்க்க இடம் தருகின்றன. வேண்டியது பாதையின் அளவும் வண்டியின் அளவும் எஞ்சினின் சத்தமும். லேஸர் கருவி கொண்டு பாதையை அளக்கக் கோயமுத்தூர் எஞ்சினீயரிங் கல்லூரிகளில் ஆளும் உண்டு, கருவியும் உண்டு. காட்சிசாலைக்காரர் மனம் வைத்தால் வண்டிகளை அளந்துகொள்ளலாம். நெடுஞ்சாலைத் துறையார் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி நேரம் அனுமதி தந்தால் போதும்.

அதிலும் அவசரமானது சத்தம். அளவை எந்நாளும் எடுக்கலாம். குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் நாற்பது வருஷம் ஓட்டிய டிரைவர், இரண்டாவது கியரில் எந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு எந்த இடத்தில் மறுபடி மிதிக்கிறார் என்பதை அவர் ஓட்டும்போதுதான் எடுக்க முடியும். ஸ்டியரிங் அருகிலிருந்த கியர்க் கம்பியை அவர் கை தானாகத் தேடுவதையும் அப்போதுதான் பார்க்க முடியும். அப்படிப்பட்டவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபடும். மழை நின்று, தையில் பனி விலகும் ஒரு காலையில், ஓர் அம்பாஸிடரும், ஒரு ஹெரால்டும், ஒரு காரட் லாரியும், நல்ல ஒலிப்பதிவுக் கருவி இரண்டும் கல்லாற்றில் வந்து நின்றால் காரியம் தொடங்கிவிடும். இதற்கு முன்வரும் மாணவர் எவராயினும் நமது காரியாலயத்துக்கு எழுதலாம். பெட்ரோல் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.